ட்ரம் கோர் அரங்கில் கூட்டம் எப்போது எழுந்து நிற்கும்?

அமெரிக்காவில் ட்ரம் கோர் பார்த்தே வளர்ந்தவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு குறை தவறாமல் வரும்: அந்தக் காலத்துக் கூட்டம் மாதிரி இப்போது இல்லை. 1970களின் இறுதிப்போட்டிப் பதிவுகளைக் கேட்டால் அவர்கள் சொல்வது புரியும். பாட்டு பாதியில் இருக்கும்போதே கூட்டம் கத்துகிறது, சில இடங்களில் இசையே அந்தச் சத்தத்தில் அமிழ்ந்துவிடுகிறது. சமீபத்திய பதிவுகளில் பல நிமிடங்கள் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முடிவில் மொத்தமாக எழுகிறார்கள். இதை வைத்து ஆர்வமே செத்துப்போய்விட்டது என்று தீர்ப்பு சொல்பவர்கள் நிறையப் பேர். எனக்கு அந்தத் தீர்ப்பில் உடன்பாடில்லை. கூட்டம் மாறியது நிஜம். ஆனால் அதற்கு முன்பே நிகழ்ச்சி மாறிவிட்டது, நிகழ்ச்சியை மதிப்பிடும் முறை மாறிவிட்டது. கைதட்ட எங்கே இடம் விடுகிறார்களோ அங்கேதான் கைதட்டல் வரும். அரை நூற்றாண்டுக்கு மேல் நீளும் இந்தக் கதையை அந்தக் கோணத்தில் பார்த்தால் பல விஷயங்கள் பிடிபடுகின்றன.

ட்ரம் கோர் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். குடியரசு தின அணிவகுப்பில் வாசித்துக்கொண்டு போகும் பள்ளி பேண்டிலிருந்து தொடங்கலாம், ஆனால் அங்கிருந்து வெகுதூரம் போக வேண்டும். நூற்றைம்பது பேர் அளவிலான ஓர் இளைஞர் குழு. பித்தளை ஊதுகருவிகள், தோளில் மாட்டிய முரசுகள், கூடவே கொடியும் மர ரைஃபிளும் வாளும் சுழற்றி எறிந்து பிடிக்கும் கலர் கார்டு. கிளாரினெட், சாக்ஸபோன் வகையறாவுக்கு இன்றுவரை அனுமதி இல்லை. அமெரிக்கக் கால்பந்து மைதானம்தான் மேடை. பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடும் ஒரே ஒரு நிகழ்ச்சியைக் குளிர்காலம் தொட்டுத் தயாரிப்பார்கள். கோடையில் பேருந்துகளில் ஊர் ஊராகப் போய், பள்ளி உடற்பயிற்சிக் கூடங்களின் தரையில் படுத்துத் தூங்கி, பெரும்பாலான இரவுகளில் அதையே போட்டியில் நிகழ்த்துவார்கள். வயது 21ஐத் தாண்டினால் விடைபெற வேண்டும். ஆகஸ்டில் இறுதிப்போட்டி. மொத்தம் நூறு மதிப்பெண். ஒரு மதிப்பெண்ணின் பத்தில் ஒரு பங்கு, சில சமயம் அதற்கும் குறைவான வித்தியாசத்தில் பட்டம் கைமாறும்.

இதன் வேர் முதல் உலகப்போரில் இருக்கிறது. போர் முடிந்து திரும்பிய வீரர்கள் 1919இல் அமெரிக்கன் லீஜன் என்ற சங்கத்தை அமைத்தார்கள். ஊருக்கு ஊர் கிளைகள் வந்தன. ராணுவம் ஒதுக்கித்தள்ளிய பியூகிள் என்ற ஊதுகொம்புகளும் முரசுகளும் மலிவாகக் கிடைத்தன. கிளைகளுக்கு அணிவகுப்பில் பெருமையாக நடந்து போக ஓர் இசைக்குழு தேவைப்பட்டது. வெளிநாட்டுப் போர்களில் பங்கேற்றவர்களின் சங்கமான விஎஃப்டபிள்யூவும் இதே வழியில் போனது. பிறகு கத்தோலிக்கப் பங்குக் கோயில்கள் (பங்கு என்றால் ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த வட்டாரம்), சாரணர் படைகள், போலீஸ் சங்கங்கள் என்று எல்லோரும் பிள்ளைகளுக்காக ஆளுக்கொரு கோர் தொடங்கினார்கள். மேடிசன் ஸ்கவுட்ஸ் 1938இல், சிகாகோ கேவலியர்ஸ் 1948இல், இரண்டும் சாரணர் வழி வந்தவை. நியூ ஜெர்சியில் கார்ஃபீல்டு ஊரின் ஹோலி நேம் கேடட்ஸ் 1934இல் தொடங்கியது; பின்னால் வரும் கார்ஃபீல்டு கேடட்ஸும் கேடட்ஸும் இதே கோர்தான். பக்கத்திலேயே நியூவார்க்கில் பிளெஸ்ட் சாக்ரமென்ட், பேயோனில் செயின்ட் வின்சென்ட்ஸ். இவை எல்லாம் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருந்த பங்குகள்.

இந்தக் கடைசி விஷயம்தான் அந்தக் காலத்துக் கூட்டத்தைப் புரிந்துகொள்ளச் சாவி. ஜெர்ஸி சிட்டியின் ரூஸ்வெல்ட் ஸ்டேடியத்தில் ஆண்டுதோறும் நடந்த 'ட்ரீம்' போட்டிக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தார்கள் என்றால், அவர்களில் பெரும்பாலோர் இசை ரசிகர்கள் என்ற கணக்கில் வரவில்லை. தங்கள் பங்கின் பிள்ளைகள் பக்கத்துப் பங்கின் பிள்ளைகளோடு மோதுவதைப் பார்க்க வந்தார்கள். முரசு அடிப்பவன் மளிகைக்கடைக்காரர் மகன், பியூகிள் ஊதுபவன் அத்தை பிள்ளை. ஐரிஷ், இத்தாலிய, போலிஷ் குடியேறிகளின் தெருக்கள் அவை, ஊர்ப் பெருமை ரத்தத்தில் இருந்தது. ஆக அந்தச் சத்தத்தில் பாதி இசைக்கு, பாதி சொந்தத்துக்கு.

இன்னொன்று, என்ன நடக்கிறது என்று கூட்டத்துக்குத் தெரிந்தது. நிகழ்ச்சிக்கு நிலையான அமைப்பு இருந்தது. மைதானத்தின் ஒரு முனையில் தொடக்கக் கோட்டிலிருந்து அதிரடியாகக் கிளம்புவார்கள். இடையில் தேசியக் கொடிக்கு மரியாதை செய்யும் பகுதி கட்டாயம். அப்புறம் எல்லோரும் அசையாமல் பார்வையாளரைப் பார்த்து நின்று ஒரு கச்சேரி வாசிப்பார்கள். முரசுகளுக்குத் தனியாக ஒரு பகுதி. கடைசியில் மறுமுனைக் கோட்டைத் தாண்டி வெளியேறுவார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் தெளிவான முடிவு உண்டு. முடிவில் ஒரு நிறுத்தம் உண்டு. அந்த நிறுத்தத்தில் கைதட்டல் தானாக வந்து உட்காரும். கொடி வரும்போது அரங்கே எழுந்து நின்றது. இரண்டாம் உலகப்போரிலிருந்து திரும்பியவர்களும் அவர்கள் குடும்பங்களும் நிறைந்த அரங்கில் அந்த எழுச்சியை யாரும் தூண்டிவிட வேண்டியிருக்கவில்லை.

மதிப்பெண்ணும் எளிதாகப் புரிந்தது. நடுவர்கள் கையில் அட்டையோடு மைதானத்துக்குள்ளேயே, வரிசைகளுக்கு நடுவிலேயே நடப்பார்கள். ஒரு கால் தவறினால், ஒரு சுரம் பிசகினால், ரைஃபிள் கைநழுவினால் ஒரு கோடு. அதற்கு 'டிக்' என்று பெயர், ஒரு டிக்குக்கு ஒரு மதிப்பெண்ணின் பத்தில் ஒரு பங்கு போயிற்று. விழுந்த ரைஃபிளைக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் பார்க்கலாம். வளைந்த வரிசையைக் குழந்தைகூடச் சுட்டிக்காட்டும். நடுவர் பார்ப்பதையே கூட்டமும் பார்த்தது. பின்னால் இந்த இரண்டு பார்வைகளும் விலகிப்போன கதைதான் மீதி.

வாசித்த பாட்டுகளையும் சொல்ல வேண்டும். பிராட்வே நாடகப் பாடல்கள், சினிமா இசை, வானொலியில் தினமும் ஒலித்த ஜாஸ். கூட்டத்துக்கு மெட்டு முன்பே தெரியும், எந்த இடத்தில் உச்சம் வரும் என்றும் தெரியும். தெரிந்த உச்சத்துக்காகக் காத்திருந்து அது வந்ததும் துள்ளுவதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. 1965இல் ஒரே ஆண்டில் லீஜன், விஎஃப்டபிள்யூ, கத்தோலிக்க இளைஞர் அமைப்பு மூன்றின் தேசியப் பட்டங்களையும் வென்ற சிகாகோ ராயல் ஏர்ஸை இன்றும் முதியவர்கள் கண்கள் மின்னப் பேசுவதில் இந்தச் சுகத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

1970 வாக்கில் பிள்ளைகளுக்கும் பயிற்சியாளர்களுக்கும் இந்த வார்ப்பு இறுக்கமாகத் தெரிந்தது. 1971இல் கேவலியர்ஸ் முழு நிகழ்ச்சியையும் ஒரு சர்க்கஸாகவே அமைத்தார்கள். மேடிசன் ஸ்கவுட்ஸ் சிறுவர் கதையொன்றின் பாத்திரங்களோடு வந்தார்கள். கார்ஃபீல்டு கேடட்ஸ் வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், மைதானத்தில் சமாதானச் சின்னத்தையே உருவமாக வரைந்தார்கள். முன்னாள் வீரர் சங்கங்கள் நடத்தும் ஒரு கலையில் இதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருக்கும்! விதிகளை வகுப்பதிலும் பணத்தைப் பங்கிடுவதிலும் சங்கங்களின் பிடியிலிருந்து வெளியே வர கேவலியர்ஸின் டான் வாரனும் வயோமிங் ட்ரூப்பர்ஸின் ஜிம் ஜோன்ஸும் முன்னின்று டிரம் கோர் இன்டர்நேஷனல், சுருக்கமாக டிசிஐ, என்ற அமைப்பை உருவாக்கினார்கள். முதல் சாம்பியன்ஷிப் 1972 ஆகஸ்டில் விஸ்கான்சினின் ஒயிட்வாட்டர் என்ற சின்னஞ்சிறு ஊரில் நடந்தது. கலிஃபோர்னியாவின் ஆனஹைம் கிங்ஸ்மென் வென்றது.

அடுத்த பத்தாண்டுதான் எல்லோரும் பெருமூச்சோடு நினைவுகூரும் காலம். அந்தப் பெருமூச்சுக்குக் காரணம் இருக்கிறது. பழைய நிகழ்ச்சியின் நிறுத்தங்கள் இன்னும் இருந்தன, புதிய சுதந்திரமும் வந்திருந்தது. சான்டா கிளாரா வான்கார்டின் 'பாட்டில் டான்ஸ்' என்ற புட்டி நடனம் தொடங்கப்போகிறது என்ற அறிகுறி தெரிந்தாலே கூட்டம் குதிக்கும். பாஸ்டன் பக்கத்து ரெவீரிலிருந்து வந்த 27ஆம் லான்சர்ஸ் ஐரிஷ் மெட்டான 'டேனி பாய்' வாசித்தபோது கண்ணீர் விட்டவர்கள் ஏராளம். அந்தக் கோர் 1980இல் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக்கின் தொடக்க விழாவிலும் வாசித்தது. கான்கார்டின் ப்ளூ டெவில்ஸ் 1976இல் ஜாஸோடு வந்து முதல் பட்டம் வென்றது. பொதுத் தொலைக்காட்சியான பிபிஎஸ் இறுதிப்போட்டியை ஒளிபரப்பியதால் கோர் பார்த்தேயிராத ஊர்களிலும் ரசிகர்கள் முளைத்தார்கள்.

அந்தக் காலத்து உச்சக் கணம் ஒன்றைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். அதன் பெயர் 'கம்பெனி ஃப்ரண்ட்'. மைதானத்தில் சிதறிக் கிடக்கும் ஆட்கள், உருவங்கள் கலைந்து கலைந்து, பின்பக்கத்தில் ஒரே நீளக் கோடாகத் திரள்கிறார்கள். கோடு மைதானத்தின் அகலத்துக்கு நீள்கிறது. இசை ஒரு கணம் இறங்குகிறது. கருவிகள் எல்லாம் ஒரே அசைவில் மேலே எழுகின்றன, வாய்ப்பகுதி நேராகப் பார்வையாளர் பெட்டியைப் பார்க்கிறது. பிறகு அந்தக் கோடு முழுப் பலத்தோடு ஊதிக்கொண்டே முன்னோக்கி நடக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு அடிக்கும் ஒலி பெருகுகிறது. மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டும்போது அது காதில் விழுவதோடு நிற்காமல் மார்பிலும் இடிக்கிறது. கோடு முன்வரிசையை எட்டுவதற்குள் அரங்கில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இதில் வடிவமைப்பாளர் கூட்டத்துக்கு மூன்று தகவல் கொடுத்துவிடுகிறார்: ஏதோ வரப்போகிறது, இதோ வருகிறது, வந்துவிட்டது. எழுந்து நிற்க அந்த நேரம் தாராளமாகப் போதும்.

ஆனால் அதே பத்தாண்டில் அடியில் மண் அரித்துக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான சின்னக் கோர்கள் மூடப்பட்டன. நகரத்துப் பங்குகளிலிருந்து குடும்பங்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தன, கோயில்களுக்குப் பணமும் பிள்ளைகளும் குறைந்தார்கள். முன்னாள் வீரர் சங்கங்களின் உற்சாகமும் வற்றியது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பேருந்துச் செலவு ஏறியது. நாடு முழுக்கச் சுற்ற வேண்டும் என்ற டிசிஐயின் புதிய ஏற்பாடு பெரிய கோர்களுக்கு வாய்ப்பாகவும் சின்னவற்றுக்குச் சுமையாகவும் அமைந்தது. இந்த இழப்பைப் பற்றிப் பேசுபவர்கள் பிள்ளைகளை மட்டும் கணக்கில் எடுக்கிறார்கள். ஒரு பங்குக் கோர் மூடினால் அதோடு ஒரு தெரு முழுக்கப் பார்வையாளர்களும் போகிறார்கள். அம்மா, அப்பா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கும் இனி அரங்குக்கு வரக் காரணம் இல்லை. அவர்கள் வெறும் இசைக்காக வந்தவர்கள் இல்லை அல்லவா?

காலியான இடத்தில் வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளி பேண்டுகள் கோர் பாணியைப் பின்பற்றத் தொடங்கியிருந்தன. 1975இல் உருவான பேண்ட்ஸ் ஆஃப் அமெரிக்கா போட்டிகள் அந்தப் போக்கை வேகப்படுத்தின. கோரில் பயிற்சி பெற்றவர்கள் பள்ளி பேண்டு ஆசிரியர்களானார்கள், தங்கள் மாணவர்களைக் கோர் பார்க்க அழைத்து வந்தார்கள். 1980களின் நடுவில் அரங்கில் ஒரு பெரும் பங்கு தாமே வாசிப்பவர்கள், அல்லது ஒரு காலத்தில் வாசித்தவர்கள். வாசிக்கத் தெரிந்தவர் பார்ப்பது வேறு மாதிரி. சிக்கலான ஓட்டம் ஒன்று சுத்தமாக விழுந்தால் அவர் சத்தம் போடுகிறார், பக்கத்தில் இருக்கும் சாதாரண ஆளுக்கு அது ஏன் என்று விளங்காது. கூட்டத்தின் அறிவு கூடியது, அதே வேகத்தில் அதன் அகலம் சுருங்கியது.

இந்தச் சமயத்தில்தான் நிகழ்ச்சியின் எலும்புக்கூடும் மாறியது. 1983இல் கார்ஃபீல்டு கேடட்ஸ் டிசிஐ பட்டம் வென்ற முதல் கிழக்குக் கரைக் கோர் ஆனது. அதன் டிரில்லை, அதாவது மைதானத்தில் ஆட்கள் நகர்ந்து உருவங்கள் அமைக்கும் திட்டத்தை, எழுதியவர் ஜார்ஜ் சிங்காலி. அதுவரை மைதான உருவங்கள் இடமும் வலமும் ஒத்த சமச்சீர் உருவங்கள், ஒன்று உருவாகும், நிற்கும், அடுத்தது உருவாகும். சிங்காலியின் உருவங்கள் சமச்சீரை உடைத்தன, உருகி ஓடின. ஒன்று முழுமையடையும் கணத்திலேயே அடுத்ததாக மாறிக்கொண்டிருந்தது. பார்க்க மூச்சு முட்டும் அழகு. ஆனால் எங்கே கைதட்டுவது? மறு ஆண்டு, 1984இல், டிக் முறையும் போனது. நடுவர்கள் தவறுகளைக் கழிப்பதை விட்டுச் சாதித்ததற்கு மதிப்பெண் கூட்டும் முறைக்கு வந்தார்கள். இன்றைய கணக்கில் நூறில் நாற்பது 'ஜெனரல் எஃபெக்ட்'டுக்கு, அதாவது நிகழ்ச்சி ஒட்டுமொத்தமாக ஏற்படுத்தும் தாக்கத்துக்கு. மீதி முப்பது முப்பதாகக் காட்சிக்கும் இசைக்கும்.

தாக்கத்துக்கு நாற்பது என்றால் கூட்டத்தின் பக்கம் சாய்ந்ததுபோலத் தோன்றும். நடைமுறையில் அந்தத் தாக்கத்தை அளப்பவர் உயரத்தில் பத்திரிகையாளர் பெட்டியில் உட்கார்ந்திருக்கும் அனுபவஸ்தர். பருவம் முழுக்க டஜன் கணக்கில் நிகழ்ச்சி பார்த்தவர். அவரை அசத்த அடுக்கு அடுக்காக நுணுக்கம் வேண்டும், தொடர்ச்சி வேண்டும், போன வருடம் பார்க்காத ஒன்று வேண்டும். பாட்டு முடிந்து கைதட்டலுக்காக நிற்கும் பத்து விநாடியில் அவருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. ஆகவே அந்தப் பத்து விநாடிகள் ஒவ்வொன்றாக நிகழ்ச்சியிலிருந்து வெட்டப்பட்டன. யாரும் கூட்டத்தை வெறுத்து இதைச் செய்யவில்லை. மதிப்பெண் இருக்கும் பக்கம் வடிவமைப்பு நகரும், அவ்வளவுதான்.

எல்லோரும் அந்தப் பக்கம் போய்விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1988இல் கன்சாஸ் சிட்டியில் மேடிசன் ஸ்கவுட்ஸ் 'மாலகேனா' என்ற பாட்டோடு வந்து பட்டத்தை வென்றது. நின்று, நேராக அரங்கைப் பார்த்து, உச்ச ஸ்தாயியில் ஊதும் பழைய பாணி. அந்தப் பதிவில் கடைசி நிமிடம் முழுக்கக் கூட்டம் அலறிக்கொண்டே இருக்கிறது. மறு ஆண்டு வான்கார்டு, ஒரு லண்டன் இசைநாடகத்தைத் தழுவிய நிகழ்ச்சியில், ஆட்களையே மறையவைக்கும் மந்திர வித்தை ஒன்றைக் காட்டிப் பட்டம் வென்றது. ஆக நடுவரையும் கூட்டத்தையும் ஒரே நிகழ்ச்சியில் திருப்திப்படுத்த முடிந்தது. அது கடினமாகிக்கொண்டே வந்தது, அவ்வளவே.

பிளவு பட்டவர்த்தனமாக வெடித்தது 1993இல். ஸ்டார் ஆஃப் இண்டியானா என்ற கோரைத் தொழிலதிபர் பில் குக் 1985 பருவத்துக்குத் தொடங்கினார். முதல் பருவத்திலேயே முதல் 12 இடங்களுக்குள் வந்தது. பணக்காரக் கோர் என்ற முணுமுணுப்பு அன்றிலிருந்தே உண்டு. ஆனாலும் 1991இல் இசையமைப்பாளர் ரெஸ்பிகியின் ரோம் நகரைப் பற்றிய இசையோடு அது பட்டம் வென்றபோது, முழுக் கோரும் ஒரு சிலுவை உருவத்திலிருந்து இன்னொரு சிலுவையாக உருமாறிய கணத்துக்குக் கூட்டம் எழுந்து நின்றது. கூட்டத்தை எழுப்பத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். தெரிந்தே 1993இல் வேறு பாதையை எடுத்தார்கள்.

அந்த ஆண்டு அவர்கள் எடுத்தது 'மெடியா', கிரேக்கத் தொன்மத்தில் பெற்ற பிள்ளைகளையே கொல்லும் தாயின் கதை. இசை பார்பர், பார்டோக் என்ற இரண்டு இசையமைப்பாளர்களுடையது. முணுமுணுக்க ஒரு மெட்டு இல்லை. வண்ணங்கள் இல்லை. கொடி, ரைஃபிள் சாகசத்தின் இடத்தில் உடல் அசைவு வந்தது. ஊதிக்கொண்டிருப்பவர்கள் கருவியோடு வளைந்தார்கள், சாய்ந்தார்கள், உறைந்து நின்றார்கள். இருண்ட, கோணல்மாணலான, சிரிக்காத ஒரு நிகழ்ச்சி. அது சுத்தமாக நிகழ்த்தப்பட்ட விதம் இன்றும் பலரைத் திகைக்கவைக்கிறது. அன்றைய கூட்டத்தில் ஒரு பகுதி வெளிப்படையாக எதிர்த்தது, சில இடங்களில் கேலிக் கூச்சலும் எழுந்தது. மிஸிஸிப்பியின் ஜாக்ஸனில் நடந்த இறுதிப்போட்டியில் கேடட்ஸ் 97.4, ஸ்டார் 97.3. பத்தில் ஒரு மதிப்பெண்ணில் பட்டம் போனது. அதோடு ஸ்டார் டிசிஐ போட்டியிலிருந்தே விலகியது.

அந்த எதிர்ப்பை ரசனைக் குறைவு என்று தள்ளிவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. அந்த நிகழ்ச்சி கூட்டத்திடம் எதையும் கேட்கவில்லை. எழுந்திரு, கத்து, அழு, எதுவும் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தாங்களும் நிகழ்ச்சியின் ஒரு பகுதி என்று பழகியிருந்தவர்களுக்கு அது கதவைச் சாத்தியதுபோல இருந்தது. ஆனால் ஸ்டாரின் பார்வையும் வீண் போகவில்லை. அதே ஆட்கள் மேடைக்கு நகர்ந்து 'ப்ளாஸ்ட்' என்ற நிகழ்ச்சியை உருவாக்கினார்கள். அது லண்டனிலும் பிராட்வேயிலும் ஓடி 2001இல் டோனி விருதும் வாங்கியது. மைதானத்திலோ, 1993இல் கூட்டம் எதிர்த்த உடல்மொழி பின்னர் எல்லாக் கோருக்கும் பொதுச் சொத்தானது. இன்று யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை.

2000க்குப் பிறகு சண்டை ஒலியைப் பற்றியது. அந்த ஆண்டு பழைய ஜி சுருதி பியூகிள் கட்டாயம் நீங்கியது, வேறு சுருதிப் பித்தளைக் கருவிகள் வந்தன. 2004இல் மைக்கும் ஒலிபெருக்கியும், 2009இல் சிந்தசைசர் உள்ளிட்ட மின்னணுக் கருவிகளும் அனுமதிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் பழைய ரசிகர்களில் ஒரு பகுதி, இனி வரமாட்டேன் என்று கிளம்பியது. மைக் வந்த சில ஆண்டுகளில் கேடட்ஸ் நிகழ்ச்சி நெடுக வசனம் பேசவைத்தபோது வந்த எதிர்ப்பு பலமானது. அதில் கூட்டத்தின் பக்கம்தான் நியாயம் என்பேன். இசை சொல்லிக்கொண்டிருப்பதை ஒருவர் மைக்கில் விளக்கினால், கேட்பவர் தாமாக உணர எதுவும் மிஞ்சாது.

அதற்கு நேர்மாறான சம்பவம் 2008. இண்டியானாவின் ப்ளூமிங்டனில் இறுதிப்போட்டி. இல்லினாயின் ராக்ஃபோர்டிலிருந்து வந்த ஃபாண்டம் ரெஜிமென்ட் ஸ்பார்டகஸின் அடிமைக் கிளர்ச்சியை நாடகமாக நடத்தியது. வசனம் என்று பார்த்தால் 'நான்தான் ஸ்பார்டகஸ்' என்று ஆளுக்கு ஆள் கத்துவதுதான். பருவம் வளர வளர அரங்கில் இருந்தவர்களும் சேர்ந்து கத்தத் தொடங்கினார்கள். ஒற்றை வரி, அது கூட்டத்துக்கும் சேர்த்து எழுதப்பட்ட வரி. ஃபாண்டம் 98.125, ப்ளூ டெவில்ஸ் 98.100. மதிப்பெண் வந்த கணத்தின் காணொளியைப் பார்த்தால், 1970களின் கூட்டம் எங்கேயும் போய்விடவில்லை என்று தோன்றும்.

மறு ஆண்டிலிருந்து இறுதிப்போட்டி இண்டியானாபோலிஸின் லூகாஸ் ஆயில் ஸ்டேடியத்துக்குப் போனது. வெயில் மழைக் கவலை தீர்ந்தது, ஒலி கெட்டது. அறுபதாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் மூடிய அரங்கில் பித்தளை ஒலி கூரையிலும் எதிர்ச் சுவரிலும் மோதித் திரும்புகிறது. நல்ல இருக்கையில் உட்கார்ந்தால் அற்புதம், மூலையில் உட்கார்ந்தால் எதிரொலிக் குழம்பு. ஒரு பக்கம் மட்டும் நிரம்பியிருக்கும் பெரிய அரங்கில் கைதட்டலும் கரைந்துபோகிறது. பழைய சின்ன ஸ்டேடியங்களில் ஐந்தாயிரம் பேர் எழுப்பிய சத்தத்துக்கு இங்கே அதைப்போலப் பல மடங்கு ஆட்கள் வேண்டும். கூட்டம் அடங்கிவிட்டது என்ற புகாரில் ஒரு பங்கு வெறும் கட்டடத்தின் வேலை.

இந்தக் காலத்தின் பெரும் வெற்றியாளர் ப்ளூ டெவில்ஸ். 2012இல் தாதாயிசக் கலை இயக்கத்தை வைத்து ஒரு நிகழ்ச்சி, 2014இல் ஃபெல்லினியின் சினிமா உலகத்தை வைத்து ஒன்று. இரண்டாவது 99.65 வாங்கியது, டிசிஐ வரலாற்றில் அதற்கு மேல் யாரும் போனதில்லை. முதல்முறை பார்ப்பவருக்கு ஒரே நேரத்தில் நான்கைந்து இடங்களில் ஏதோ நடந்துகொண்டிருக்கும், எதைப் பார்ப்பது என்று தெரியாது. மூன்றாம் முறை பார்க்கும்போதுதான் ஒவ்வொன்றாகத் திறக்கும். நான் அதை ரசிப்பவன். ஆனால் டிக்கெட் வாங்கி வருடத்துக்கு ஓர் இரவு வருபவருக்கு மூன்றாம் முறை என்பதே கிடையாது.

அந்த இடைவெளியை நிரப்பியது ஒஹாயோவின் ப்ளூகோட்ஸ் என்பது என் கணிப்பு. அவர்களுடைய ரசிகர்கள் வாயைக் குவித்து 'ப்ளூ...' என்று நீட்டி முழங்குவார்கள், புதிதாக வருபவருக்கு அது எதிர்ப்புக் கூச்சல்போலக் கேட்கும். 2014இல் 'டில்ட்' நிகழ்ச்சியின் முடிவில் முழுக் கோரும் ஊதிக்கொண்டிருந்த ஒலி, மின்னணுவின் துணையோடு, சரிந்து வழுக்கி இறங்கியது. அப்படி ஒரு சத்தத்தை அந்த மைதானம் அதுவரை கேட்டதில்லை. பழைய ரசிகர்கள் வெறுத்த அதே மின்சாரம், கூட்டத்தை எழுப்பும் கருவியாகியிருந்தது. 2016இல் 'டவுன் சைட் அப்'. தலையில் தொப்பி இல்லை, மைதானத்தில் சறுக்குப் பலகை விளையாட்டுக்கானது போன்ற வளைந்த சரிவுகள், அவற்றில் சறுக்கிக்கொண்டே ஊதும் ஆட்கள். முதல் பட்டம் கிடைத்தது. 2019இல் பீட்டில்ஸ் பாடல்களை எடுத்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த மெட்டு, உச்சத்துக்கு முன்னால் ஒரு தாமதம், உச்சத்துக்குப் பின்னால் மூச்சுவிட ஒரு நொடி. இவை எல்லாம் 1960களின் தந்திரங்கள். அரங்கே ஆடியது, கோருக்குக் கிடைத்தது இரண்டாம் இடம்.

ஆர்வம் மைதானத்தை விட்டு வெளியேயும் போயிருக்கிறது. போட்டிக்கு முன் வாகன நிறுத்துமிடத்தில் முரசுக்காரர்கள் வளைவாக நின்று கை சூடேற்றுவார்கள். இதை 'லாட்' என்கிறார்கள். ஒரு கை நீளத் தூரத்தில் ஐந்து வரிசை ஆட்கள், முன்னால் குந்தியிருக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகள், எல்லோர் கையிலும் ஃபோன். எட்டு ஒன்பது ஸ்நேர் முரசுகள் ஒரே முரசாக ஒலிப்பதை இங்கே கேட்கலாம். தட்டும் குச்சிகளின் உயரம் முதல் கடித்த உதடு வரை தெரியும். யூடியூபில் இந்த லாட் காணொளிகளுக்கு எந்த நாட்டிலும் பார்வையாளர் உண்டு. பள்ளியில் முரசு பழகும் பிள்ளைகள் அவற்றைப் பார்த்தே முழு நிகழ்ச்சிகளை மனப்பாடம் செய்கிறார்கள். சிலர் லாட்டைப் பார்த்துவிட்டு அரங்குக்குள் போகாமலே வீடு திரும்புகிறார்கள் என்பதும் உண்மை. இணைய நேரலை வந்த பிறகு பருவத்தின் முதல் நிகழ்ச்சியையே நாடு முழுக்க அலசிவிடுவதால், ஆகஸ்டில் அரங்குக்கு வருபவருக்கு எந்தத் திருப்பமும் புதிதல்ல. முதல்முறை பார்ப்பவரின் அதிர்ச்சிச் சத்தம் பழைய பதிவுகளில் உண்டு, இப்போது அரிது. அதற்குப் பதில், எந்த இடம் வரப்போகிறது என்று தெரிந்து முன்கூட்டியே எழும் கூட்டம் இருக்கிறது. ஒரு வகையில் தெரிந்த மெட்டுக்காகக் காத்திருந்த 1965ஆம் ஆண்டுக் கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கோடையை ஓட்ட ஒரு பிள்ளை ஆயிரக்கணக்கான டாலர் கட்ட வேண்டியிருக்கிறது. தெருவிலிருந்து யாரும் சும்மா சேர முடியாது, ஆகவே தெரு வந்து பார்ப்பதும் இல்லை. தொண்ணூறு ஆண்டுப் பழமையான கேடட்ஸே, வழக்கும் கடனுமாக, 2024இல் மூடிவிட்டது. அந்தச் செய்தி வந்தபோது கார்ஃபீல்டில் அதைத் தம் ஊரின் இழப்பாக உணர எத்தனை பேர் மிஞ்சியிருந்திருப்பார்கள் என்று யோசித்தேன். கோர் எப்போதோ அந்த ஊரை விட்டுப் போயிருந்தது.

பழைய வகை உறவு இன்னும் உயிரோடு இருக்கும் ஓர் இடம், வயது வரம்பில்லாத கோர்கள். பென்சில்வேனியாவின் ரெடிங் பக்கனீர்ஸ், நியூ ஜெர்சியின் ஹாதார்ன் கபாயெரோஸ் போன்றவை. பகலில் வேலைக்குப் போய் வார இறுதியில் பயிற்சி செய்பவர்கள், இருபது வயதுக்காரரும் அறுபது வயதுக்காரரும் ஒரே வரிசையில். வெகுகாலம் டிசிஏ என்ற தனி அமைப்பில் போட்டியிட்ட இவர்களை 2024 பருவம் முதல் டிசிஐ தன் குடைக்குள் கொண்டுவந்திருக்கிறது. இவர்களுடைய கூட்டம் சின்னது. ஆனால் பார்க்க வருபவர்களுக்கு மைதானத்தில் இருப்பவரின் பெயர் தெரியும், வேலை தெரியும், போன வருடம் அவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்ததும் தெரியும். டிசிஐ இவர்களைப் பெரிய அரங்கின் காலை நேர இடைவெளியில் வைக்கிறதா, சின்ன ஊர் ஸ்டேடியங்களில் உள்ளூர்க் கூட்டத்துக்கு முன்னால் வைக்கிறதா என்பதை அடுத்த சில பருவங்களில் நான் மிகுந்த அக்கறையோடு கவனிக்கப்போகிறேன்.